மரத்துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்கிய கதை

சினிமாச் சாமான் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, மணி எழுதுவது. உங்கள் வைபர் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர் என்றும், அதில் ஒருவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்றும் எனக்குத் தெரியும். பரவாயில்லை. தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் பர்மியில் சொல்லுங்கள். எனக்குக் கோபமாக எழுத வருவது தமிழில்தான். பர்மியில் எழுதினால் பாதியிலேயே மரியாதை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கோபம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். தெர்மாக்கோலில் செய்த, ஆள் உயரத் துப்பாக்கி. ‘வெகுதூரம் சுடுற பெரிய துப்பாக்கி இது. எந்த ஸ்கோப் வைக்கலாம்?’ என்று கேள்வி. பதில் போட்ட அத்தனை பேரும் பெரிதாக வை, இன்னும் பெரிதாக வை என்றே சொல்லியிருந்தீர்கள். அதில் கண்ணை வைக்கப்போவது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்ட ஒரு மடையனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் வேறு யாருமில்லை, நான்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது இது. படத்தின் கடைசிக் காட்சியில் வில்லன் நாயகியை ஆற்றின் எதிர்க்கரையில், டலா பக்கம், ஒரு பழைய பாரந்தூக்கியில் கயிறு கட்டித் தொங்கவிடுவான். நாயகன் இந்தக் கரையில், போட்டாதாங்கில் ஒரு கிடங்கின் மொட்டைமாடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டிச் சுட்டுக் கயிற்றை அறுப்பார். கயிறு அறுந்தால் அவள் தண்ணீரில் விழுவாளே என்று கேட்காதீர்கள். அதற்காகக் கீழே ஒரு படகை நிறுத்தியிருந்தார்கள்.

துப்பாக்கி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பசுந்தாங்கில் சவப்பெட்டி செய்யும் ஆசாரி ஒருவர் இருந்தார். ஆறடி நீளத்துக்கு ஒரு சாமான் வேண்டும் என்றால் மறுகேள்வி கேட்காமல் செய்துகொடுப்பார். இதற்கு மட்டும், “ஆளு ரொம்ப ஒல்லியா இருந்தாரோ?” என்று கேட்டார். படாக் மரத்தில் உடம்பு, இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுடும் முனை, மேலே கறுப்பு வண்ணம். தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பார்த்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கும்.

அதன் மேல் உட்கார ஸ்கோப் வேண்டும். இயக்குநரை நாங்கள் எல்லோரும் சயா, அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவோம். பேருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு கோ போட்டு சயா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “கோ மணி, நல்லாப் பெருசா பாருங்க. கிட்டத்துல காட்டும்போது ஹீரோ கண்ணுல வெளிச்சம் வட்டமா விழணும்.”

லத்தாவில் மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கடை. பைனாகுலர், நில அளவைக் கருவி, உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாம் பழசும் புதுசுமாகக் குவிந்து கிடக்கும். கடைக்காரம்மா டோ டின், சீன வம்சம். நான் போனபோது சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். பெரிய துப்பாக்கிக்கு ஸ்கோப் வேண்டும், சினிமாவுக்கு என்றேன்.

“எவ்வளவு தூரம் பாக்கணும்?” என்றார்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம்.”

“சுட்டா எவ்வளவு வேகமாப் பின்னால உதைக்கும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, அது மரம். சவப்பெட்டி ஆசாரி செஞ்சது. எங்க போயி உதைக்கும்?”

அவர் சிரிக்கவில்லை. இரண்டு ஸ்கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று குண்டு, என் தொடை கனத்துக்கு இருந்தது, கண் வைக்கும் இடத்தில் பித்தளை விளிம்பு. உண்மையில் அது துப்பாக்கிக்கானதே அல்ல, முக்காலியில் வைத்துப் பறவை பார்க்கிற தொலைநோக்கி. இன்னொன்று ஒல்லி. சைக்கிள் பம்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

“இந்தக் குண்டுல கண்ணை ஒட்டி வச்சாத்தான் தெரியும். கொஞ்சம் விலகினா உள்ள ஒரே இருட்டு” என்றார் டோ டின். “இந்த ஒல்லியில நாலு விரக்கடை தள்ளி இருந்தே பாக்கலாம். பெரிய துப்பாக்கிக்கு அதுதான் முக்கியம். உதைக்கிறப்ப முகத்துக்கு இடம் வேணும்ல. மத்ததெல்லாம் அப்புறம்.”

“உதைக்காதே அக்கா.”

“சினிமாக்காரங்க இன்னிக்கு ஒண்ணு சொல்வீங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வீங்க. அது உதைக்க ஆரம்பிச்சா குண்டைக் கழட்டிட்டு வந்து ஒல்லியை எடுத்துக்கிட்டுப் போங்க. எடுத்து வச்சிருக்கேன்.”

தலையாட்டிவிட்டுக் குண்டையே வாங்கிக்கொண்டு வந்தேன். சும்மா வந்திருந்தாலும் பரவாயில்லை. லத்தா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினேன், இதைவிடப் பொருத்தமான ஸ்கோப் இந்த ஊரிலேயே கிடையாது என்று படப்பிடிப்புக் குழு மொத்தத்திடமும் பீற்றிக்கொண்டேன். சயா என் தோளில் தட்டிக்கொடுத்தார். வாய்க்கொழுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியவில்லை.

படப்பிடிப்பு அன்று காலை மொட்டைமாடியில் அரிசி மூட்டைகளை அடுக்கி, அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்தோம். வார்டு அதிகாரி தானே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பொய்த் துப்பாக்கி என்றாலும் அது பொய்தான் என்று அவர் சொல்ல வேண்டும். விரலை மடக்கித் துப்பாக்கியை இரண்டு தட்டுத் தட்டி, பலாப்பழத்துக்கு முடிவு சொல்வது மாதிரி, “மரம்தான்” என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை. நிழல் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நாயகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடமாக நாயகனாகவே இருந்தவர். சுவரொட்டியில் அவர் இரண்டு கண்ணையும் புருவத்தையும் மட்டும் போட்டால் போதும், பெயர்கூடப் போட வேண்டாம். அந்தப் படத்தில் இன்னும் பாதி வேலை மிச்சம் இருந்தது. அந்த முகத்துக்கு ஒன்று ஆகிவிட்டால் படம் படுத்துவிடும், நாங்கள் நாற்பது பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்; மனிதரும் தங்கமானவர். லைட் தூக்குகிறவரிடம்கூடச் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்.

அவர் படுத்து, குண்டு ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“மணி, எனக்கு ஒரு காது தெரியுது” என்றார்.

“யாரு காதுண்ணே?”

“ஆட்டுக்காதுன்னு நினைக்கிறேன்.”

அதுதான் பெரிதாகக் காட்டும் ஸ்கோப்பின் லட்சணம். ஆறு முழுக்க வெயிலில் நெளிகிறது. ஒரு மயிரிழை அசைத்தால் எதிர்க்கரையில் ஒரு தெரு தாண்டிவிடுகிறது. நாயகி தொங்குகிற இடத்தைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் அண்ணன் ஒரு டீக்கடை, துணி காயப்போடும் ஒரு பெண், அந்தப் பெண்ணை வெறித்துப் பார்க்கும் ஒரு கிழவர் எல்லாவற்றையும் பார்த்து எங்களுக்கு வர்ணித்துவிட்டார். நாயகியாக நடித்த பெண் அங்கே கயிற்றில் தொங்கிக்கொண்டே ஃபோனில், “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருவழியாக முதல் ஷாட் எடுத்தோம். அண்ணன் விசையை அழுத்தினார். துப்பாக்கி சும்மா கிடந்தது. திரையில் பார்த்த சயாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

“இவ்வளவு பெரிய துப்பாக்கி, சுட்டா தண்ணிக்குழாய் மாதிரி கிடக்குதே. பின்னால உதைக்க வேணாமா? கோ ஜோ, ஏதாவது பண்ணுங்க.”

கோ ஜோ தந்திரக் காட்சிக்காரர். புகை, வெடி, மழை எல்லாம் அவர் பொறுப்பு. சயா கேட்டதும் மனிதருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கீழே நின்ற ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங்கைக் கழற்றி, சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு, துப்பாக்கிக்கு அடியில் பொருத்தினார். நாங்கள் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தபோது விசையை அழுத்திக் காட்டினார். அந்த ஆறடிச் சாமான் மூன்று விரக்கடை பின்னால் பாய்ந்து, டமார் என்று நின்றது. வார்டு அதிகாரி நாற்காலியோடு ஓர் அடி நகர்ந்தார்.

சயா கைதட்டினார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். துப்பாக்கி மூன்று விரக்கடை பாய்கிறது. அதன் மேல் குண்டு ஸ்கோப். அதன் பித்தளை விளிம்பில் ஒட்டி வைத்திருக்கப்போவது அண்ணனின் கண். டோ டின் சொன்னது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், உடனே சொல்லியிருக்கலாமே என்று. பர்மியில் ஆனாடே என்போமே, அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் விளக்கிப் புரியவைக்க முடியாது. அடுத்தவர் மனம் கோணக்கூடாது, நம்மால் ஒருவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று வாயைத் திறக்காமல் இருப்பது. கோ ஜோ பட்டினி கிடந்து செய்திருக்கிறார், எப்படிச் சொல்வது? சயா கைதட்டிவிட்டார், எப்படிச் சொல்வது? என் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்த ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்துப் பெருமையடித்தவன் நான். அதற்குப் பெயர் ஆனாடே இல்லை, வெறும் வெட்கம். ஆனால் வெட்கத்துக்கு ஆனாடே சட்டை மாட்டிவிட்டால் பார்க்க மரியாதையாக இருக்கும்.

நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒளிப்பதிவாளர் வந்து, “சயா, வெளிச்சம் சரியில்ல, கொஞ்சம் நேரம் போகட்டும்” என்றார். வெளிச்சம் தகதகவென்று இருந்தது. ஒப்பனைக்காரப் பெண் மா லா அண்ணனின் புருவத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துணிப்பஞ்சை மடித்து ஒட்டப் பார்த்தது. சயா, “அது என்ன?” என்றதும், “வியர்வைக்கு” என்று சொல்லி எடுத்துவிட்டது. கோ ஜோவே தலையைச் சொறிந்துகொண்டு, “ஸ்பிரிங்கு கொஞ்சம் ஓய்வெடுக்கணும் சயா” என்றார். ஸ்பிரிங்குக்கு என்ன ஓய்வு! எதிர்க்கரையிலிருந்து நாயகியைப் பார்த்துக்கொண்டிருந்த உதவி இயக்குநர்கூட, விஷயம் காதுக்கு எட்டியதும், “இங்க ஆடு குறுக்க வருது” என்று ஃபோன் செய்தார்.

அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அத்தனை பேரும் வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தோம். சயாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னிக்கு என்ன, ஆளாளுக்கு ஒரு சாக்கு சொல்றீங்க? வெளிச்சம் போயிடும். அண்ணே, படுங்க. கண்ணை நல்லா ஒட்டி வைங்க, வட்டம் விழணும்.”

அண்ணன் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் போனார்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். ‘சயா, இந்த ஸ்கோப் இதுக்கு ஆகாது, தப்பா வாங்கினது நான்.’ நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தால் வேறு வாக்கியம் வந்தது.

“அண்ணே, ஒரு நிமிஷம். துப்பாக்கி நேரா இருக்கான்னு நான் ஒருவாட்டி படுத்து அழுத்திப் பாத்துடுறேன்.”

அவரை எழுப்பிவிட்டு நான் படுத்தேன். வலது கண்ணைப் பித்தளையில் வைத்தேன். ஆடு தெரிந்தது. தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ள எனக்கு என்ன கேடு? பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று அதையும் செய்யவில்லை. விசையை அழுத்தினேன்.

அப்புறம் வானம் தெரிந்தது. மா லாவின் முகம் தெரிந்தது. யாரோ, “ஐயோ, ரத்தம்” என்றார்கள். வலது புருவத்துக்கு மேலே பிறை நிலா வடிவத்தில் அழகாகப் பிளந்திருந்தது. காம்பஸ் வைத்து வரைந்தாலும் அவ்வளவு சுத்தமாக வராது. படுத்துக்கிடக்கிற என் தலைக்கு மேலே நின்றுகொண்டு ஒளிப்பதிவாளர் சொன்னது காதில் விழுந்தது: “எனக்கு அப்பவே தெரியும்.” கோ ஜோ, “எனக்கும் தோணிச்சு” என்றார். “நான் பஞ்சு வச்சேனே” என்றது மா லா. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து மூன்று பேரையும் அறைந்திருப்பேன். தலை சுற்றியதால் தப்பித்தார்கள்.

பக்கத்துத் தெரு மருத்துவரிடம் அண்ணனே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தையல் போட்டு முடிந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் போய்க் குளிர்ந்த கரும்புச் சாறு வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“மணி, எனக்கும் தெரியும்ப்பா. நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப கோ ஜோ ஒருவாட்டி இழுத்துக் காட்டினாரு. அப்பவே தெரியும், மூஞ்சில அடிக்கும்னு.”

“தெரிஞ்சுமா போய்ப் படுத்தீங்க?”

“அவரு சோறு திங்காம செஞ்சுக்கிட்டிருந்தாரு. எப்படிச் சொல்றது?” தன் முகத்தை ஒருமுறை கையால் தடவிக்கொண்டார். “இருபத்தஞ்சு வருஷமா இந்த மூஞ்சியாலதான் என் குடும்பம் சாப்பிடுது. அதைக் கொடுக்கத் தயாரா இருந்திருக்கேன். வாயைத் திறக்கத் தயாரா இல்ல. என்ன மனுஷன் நானு?”

நானும் அதே ஆள்தான். எனக்குக் கண்ணே போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அப்போதுதான் பயம் வந்தது. சாற்றில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடமே நீட்டினேன்.

மறுநாள் காலை லத்தா போய்க் குண்டைக் கொடுத்துவிட்டு ஒல்லியை வாங்கி வந்தேன். டோ டின் என் நெற்றியில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் பட்டது போதும் என்று அவருக்கும் ஆனாடே.

மொட்டைமாடியில் ஒல்லியைப் பொருத்தினேன். அந்த ராட்சசத் துப்பாக்கி மேல் அது குச்சி மாதிரி இருந்தது. சயா அதையே பார்த்தார். “கோ மணி, ரொம்பச் சின்னதா இருக்கே. கண்ணுல வட்டமும் விழாதே” என்றார்.

நாற்பது பேரும் கீழே பார்த்தார்கள்.

“விழாது சயா” என்றேன். “அந்தப் பெருசை நான்தான் தப்பா வாங்கிட்டு வந்தேன். கடைக்காரம்மா வேணாம்னு சொல்லியும் வாங்கினேன். உதைக்கிற துப்பாக்கிக்கு அது ஆகாது. நேத்து ஸ்பிரிங் போட்டப்பவே எனக்குத் தெரியும். சொல்லல. அண்ணனுக்குக் கண்ணு போயிருக்கும். இந்தச் சின்னதுதான் இருக்கணும். அண்ணன் நாலு விரக்கடை தள்ளித்தான் படுப்பாரு.”

முப்பத்தைந்து வருடத்தில் ஓர் இயக்குநரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சயா என் கட்டைப் பார்த்தார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பது அவருக்கும் மெல்லப் புரிந்திருக்க வேண்டும். திட்டுவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, “சரி, சின்னதே இருக்கட்டும்” என்றார். பிறகு, “வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

கேட்டிருக்கக்கூடாது. முதலில் மா லா கை தூக்கியது: நாயகியின் மருதாணி முந்தின காட்சியில் இடது கையில், இப்போது வலது கையில். ஒளிப்பதிவாளர் தூக்கினார்: கிணற்றடிக் காட்சி முழுக்க மைக்கின் நிழல். கோ ஜோ: மழைக் காட்சியில் மூன்று பேர் மட்டும் நனையவில்லை. முக்கால் மணி நேரம் போயிற்று. சயா ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் முடித்த பிறகு, நிழலில் இருந்த வார்டு அதிகாரி தயங்கித் தயங்கிக் கை தூக்கினார்.

“தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொண்ணுக்குக் கீழதான் படகு நிக்குதே. இவரு அதுல ஏறிப் போயி, கயித்தை அவுத்து விட்டா என்ன?”

சயா குறித்துக்கொண்டிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, “எல்லாரும் சாப்பிடப் போங்க” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கடைசிவரை கிடைக்கவில்லை. படத்தில் கயிறு துப்பாக்கியால்தான் அறுகிறது. சாப்பிட்டுவிட்டு வந்து அந்த ஷாட்டை ஒரே தடவையில் எடுத்தோம். பிள்ளைகளே, ஸ்கோப் எது வேண்டுமானாலும் வாங்குங்கள். முதலில் உதைக்குமா என்று கேளுங்கள். உதைக்காது என்று முடிவு செய்த பிறகு யாராவது உதைக்க வைத்தால், மறுபடி ஆரம்பத்திலிருந்து யோசியுங்கள். யோசித்ததை, தயவுசெய்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

படம் வந்தபோது மனைவியோடு தியேட்டருக்குப் போனேன். அண்ணன் குறி வைத்தார், விசையை அழுத்தினார், அந்த ஆறடிச் சாமான் மூன்று விரக்கடை பின்னால் பாய்ந்தது. எதிர்க்கரையில் கயிறு அறுந்தது, தியேட்டர் முழுக்க விசில். நான் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவருடைய வலது புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “கயிறுதான் அறுந்துடுச்சே, அந்தப் பொண்ணு பொழைச்சுக்கிச்சு. இன்னும் எதுக்கு இப்படி நடுங்குறீங்க?” என்றாள் மனைவி.